உஷார்! காளான் அறைக்குள்ளே போர்ட்டபிள் ஏசி வைத்திருக்கிறீர்களா?

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக் காளான் அறையில் ராத்திரி பிள்ளைகள் யாராவது படுக்கிறார்களா? "ஏசி ஓடுதே, ஜில்லுனு இருக்கே" என்று பாயை விரித்து விட்டிருக்கிறீர்களா?

அப்படியானால் மேலே படிக்க வேண்டாம். போய்ப் பிள்ளைகளை எழுப்பி வேறு அறையில் படுக்கப் போட்டுவிட்டு வாருங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. தெரியாமல் செய்கிறோம் என்பதால் சொல்கிறேன்.

வீட்டுப் பின்னறையில் காளான் வளர்ப்பது நல்ல தொழில். வைக்கோல், வித்து, பாலித்தீன் பை, கொஞ்சம் பொறுமை. பெரிய முதல் வேண்டாம். ஆனால் சிப்பிக்காளானுக்குக் குளுமை வேண்டும். அறையில் 25 டிகிரியை ஒட்டி வெப்பம், 80 சதவீதத்தை ஒட்டி ஈரப்பதம் இருந்தால்தான் அது மனசு வைத்துப் பூக்கும். தூத்துக்குடிக் கோடையில் அந்த வெப்பநிலைக்கு எங்கே போவது? சித்திரை, வைகாசியில் விடியற்காலையில்கூட வியர்க்கும் ஊர் இது.

உடனே ஒரு யோசனை வருகிறது. சக்கரம் வைத்த ஏசி! சுவரை உடைக்க வேண்டாம். வெளியே பெட்டி மாட்ட வேண்டாம். குழாயை ஜன்னலில் சொருகு, பிளக்கை மாட்டு, முடிந்தது வேலை.

இல்லை. அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது.

ஒரு வீட்டில் நடந்தது

எனக்குத் தெரிந்த குடும்பம். பேர் வேண்டாம். கடலுக்குக் கிட்டத்தான் வீடு. வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர். பாதி ராத்திரிகள் வீட்டில் இருக்க மாட்டார். அந்த வீட்டு அக்கா மகளிர் குழுவில் கடன் வாங்கிப் பின்னறையில் சிப்பிக்காளான் போட்டார். கார்த்திகை, மார்கழியில் நன்றாகவே வந்தது. பங்குனி பிறந்ததும் காளான் படுக்கைகள் வாடத் தொடங்கின. யாரோ பழைய போர்ட்டபிள் ஏசி ஒன்று விலைக்கு வருகிறது என்றார்கள். ஒரு டன். வாங்கிவிட்டார்.

அந்த அறையில் இருந்தது டிவி, ஃபேனுக்குப் போடும் சின்ன பிளக் பாயின்ட். ஏசியின் பிளக் பெரிசு. அது நுழையவில்லை. அதனால் கடையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி அதில் மாட்டினார்கள். பாக்ஸ் கிடந்தது தரையில், வைக்கோல் சாக்கின் பக்கத்தில். ஜன்னல் இடுக்கைத் தெர்மாகோலும் டேப்பும் வைத்து அடைத்தார்கள். கதவுக்கடியில் பழைய துணி. காற்றுப் போக ஒரு வழி இல்லை.

அறை குளிர்ந்தது. சின்னப் பையன் அங்கேயே படுக்க ஆரம்பித்தான்.

இரண்டு வாரத்தில் பையனுக்கு வறட்டு இருமல். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "ஏசிக் குளிர் ஒத்துக்கல" என்று கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள்.

அப்புறம் அந்த ராத்திரி. மாமியாருக்குத்தான் முதலில் வாடை தெரிந்தது.

"ஏளா, எந்திரி! என்னமோ கருகுத வாடை வருது!"

கதவைத் திறந்தால் புகை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகி, பக்கத்துச் சாக்கின் ஓரம் கனன்றுகொண்டிருக்கிறது. மருமகள் பதறிப்போய்க் குடத்தைத் தூக்கினார். மாமியார் கையைத் தட்டிவிட்டார்.

"தண்ணிய ஊத்தாத! மெயின அணை மொதல்ல!"

அந்த ஒரு வார்த்தைதான் குடும்பத்தைக் காப்பாற்றியது. பையனை வெளியே தூக்கினார்கள், மெயினை அணைத்தார்கள், மணலை அள்ளிப் போட்டு அணைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. பையன் சில நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மருந்து எடுத்துக்கொண்டான். படுக்கைகள் எல்லாம் பச்சைப் பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போயின. கடன் மட்டும் அப்படியே நின்றது.

இது எப்படி நடந்தது? ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் வீட்டில் எது இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே படியுங்கள்.

ஆபத்து ஒன்று: அது கடற்காற்றை உள்ளே இழுக்கிறது!

ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏசி தன் சூட்டைத் தணிக்க அறைக்குள் இருக்கும் காற்றையே எடுக்கிறது. அதைச் சூடாக்கிக் குழாய் வழியாக வெளியே துப்புகிறது. நீங்கள் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றுதான் அது! வெளியே போன காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தே தீரும். கதவிடுக்கு, ஓட்டுச்சந்து, கழிவுநீர்க் குழாய், எங்கே ஓட்டை இருந்தாலும் வரும். வருவது தூத்துக்குடிக் காற்று. சூடு, ஈரம், உப்பு மூன்றும் சேர்ந்த காற்று.

அதனால்தான் மெஷின் நிற்காமல் ஓடும். அறை குளிராது. அட்டையில் போட்டிருக்கும் குளிர்விக்கும் அளவை நம்பாதீர்கள். இந்தக் காற்றுக் கசிவையும் கணக்கில் சேர்க்கும் புது அளவீட்டு முறையை அமெரிக்க எரிசக்தித் துறை 2016-இல் கொண்டுவந்தது. 14,000 பிடியு என்று விற்ற மெஷின்கள் பல, அந்த முறையில் 10,000 அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கின. அளவு இறங்கினாலும் கரண்ட் இறங்காது!

கணக்குப் போடுங்கள். மணிக்கு 1.2 யூனிட் என்றே வைப்போம். தினம் 12 மணி நேரம். இரண்டு மாதத்துக்கு 864 யூனிட். நம் மின்வாரியக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். காளான் விற்ற காசு பில்லுக்கே போகும்.

இன்னொரு வேடிக்கை. காளானுக்கு ஈரப்பதம் வேண்டும். ஏசியோ ஈரத்தைப் பிழிந்து தொட்டியில் சேர்க்கும். குடை காய்ந்து வெடிக்கிறதே என்று நீங்கள் தண்ணீர் தெளிப்பீர்கள். அதையும் அது பிழியும். தொட்டி நிறைந்தால் பல மெஷின்கள் சத்தமில்லாமல் நின்றுவிடும். நம் ஊர் ஈரத்துக்குத் தொட்டி சீக்கிரமே நிறையும். நடுராத்திரியில் நின்றால் அடைத்த அறை அடுப்பாகும். வித்து பரவும் படுக்கை தானும் சூடு விடும் என்பதை மறக்காதீர்கள். பச்சைப் பூசணத்துக்கு அது போதும்.

ஆபத்து இரண்டு: அது புகையையும் இழுக்கிறது!

இதுதான் எனக்கு ரொம்பப் பயம்.

வைக்கோல் வேகவைக்கப் பின்கட்டில் விறகு அடுப்பு மூட்டுகிறீர்கள். பக்கத்தில் காளான் அறை. உள்ளே ஏசி காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஈடு காற்று எங்கிருந்து வரும்? அடுப்புப் பக்கமிருந்து வரும்! அடுப்பில் தணல் மட்டும் இருந்தால் புகைகூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் தூக்கமாக வரும். தூங்கினால் எழுந்திருக்காமலே போகலாம்.

நம் கரையில் சங்கு குளிக்கப் போகிறவர்களைக் கேளுங்கள். வள்ளத்தில் கம்ப்ரஸர் ஓடும். அதன் காற்றுதான் குழாய் வழியாகக் கீழே போகும். காற்று இழுக்கும் வாய், என்ஜின் புகைப் பக்கம் திரும்பியிருந்தால் கீழே இருக்கிறவர் கதி என்ன? கடலுக்குள் இருக்கிறவருக்கு அந்தக் குழாய். அறைக்குள் தூங்கும் உங்கள் பிள்ளைக்குக் கதவிடுக்கு. இரண்டும் ஒன்றுதான்.

வைக்கோலைச் சூடுபடுத்தாமல் ஃபார்மலின் கலந்த தண்ணீரில் ஊறவைக்கிறவர்களும் உண்டு. அந்த நெடியை அடைத்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது என்றால் அது சும்மா இல்லை. ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே சொல்லியிருக்கிறது.

ஆபத்து மூன்று: உப்பு செம்பைத் தின்னும்!

உப்பளத்துக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு உப்பை மறக்கலாமா? வாசல் கிரில் துரு ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. பிளக் பாயின்ட்டுக்குள்ளே செம்பும் பித்தளையும் பச்சைக் களிம்பு பிடிப்பது தெரிவதில்லை. களிம்பு பிடித்த இடத்தில் கரண்ட் தடுமாறும். தடுமாறினால் சூடு. சூடானால் பிளாஸ்டிக் இளகும். இளகினால் பிடி தளரும். தளர்ந்தால் பொறி.

ஒரு டன் மெஷின் 5 முதல் 7 ஆம்பியர் வரை இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. சின்ன பிளக் பாயின்ட்டின் தாங்கும் சக்தியே 6 ஆம்பியர்தான். அதில் ராத்திரி முழுக்க ஓட்டினால்? அந்த அக்கா வீட்டில் நடந்தது அதுதான்.

அடுத்தது மெஷினுக்குள் இருக்கும் கேஸ். பின்பக்க லேபிளைப் படியுங்கள். ஆர்-290 என்று இருந்தால் அது புரொப்பேன். சமையல் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்திருக்கும் அதே புரொப்பேன். சமையல் கேஸில் நாற்றம் சேர்த்திருப்பார்கள். கசிந்தால் மூக்கு சொல்லும். ஏசிக்குள் இருப்பதற்கு அந்த நாற்றம் இல்லை! காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடப்பதும் தரையில்தான். ஆர்-32 என்று இருந்தால் அதுவும் தீப்பிடிக்கக்கூடியதுதான், கொஞ்சம் மெதுவாக. உப்புக்காற்றில் காயில் என்னும் குழாய்ச் சுருள் அரித்துக் கசிவு வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எவ்வளவு சின்ன அறையில் வைக்கலாம் என்பதும் கையேட்டில் இருக்கும். பழைய மெஷின் வாங்கியவர்கள் கையில் கையேடு ஏது?

ஆபத்து நான்கு: ஈரத் தரை, வெறுங்கால், இரும்பு அலமாரி!

காளான் அறை எப்போதும் நனைந்திருக்கும். தெளித்த தண்ணீர், சொட்டும் சாக்கு, ஏசித் தொட்டியிலிருந்து வழிந்தது. அதில் வெறுங்காலோடு நின்று ஈரக்கையால் சுவிட்சையும் இரும்பு அலமாரியையும் தொடுகிறோம். எர்த் சரியில்லை என்றால், உடம்பே எர்த். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே டிரிப் ஆகும் ஆர்சிசிபி இல்லாத வீட்டில், ஈர அறைக்குள் ஏசியை ஓட்டவே கூடாது. கூடாது!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தூத்துக்குடித் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. தரையில் உருளும் மெஷினுக்கும் தரையில் கிடக்கும் பாக்ஸுக்கும் முழங்கால் தண்ணீரே வேண்டாம். கணுக்கால் அளவு போதும்.

ஆபத்து ஐந்து: காளான் தூள்!

முற்றிய சிப்பிக்காளான் ஸ்போர் என்னும் தூளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அலமாரியில் வெள்ளைப் பவுடர் மாதிரி படிவது அதுதான். காற்றோட்டமுள்ள குடிலில் அது வெளியே போகும். அடைத்த அறையில் ஏசி விசிறி அதையே சுழற்றிச் சுழற்றி மூச்சுக்குள் அனுப்பும். இதனால் வரும் நுரையீரல் கோளாறுக்குக் காளான் தொழிலாளர் நுரையீரல் என்றே மருத்துவத்தில் பேர் இருக்கிறது. தூள் உள்ளே போய்ச் சில மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல், நடுக்கம், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம் எல்லாம் வரும். ஃப்ளூ என்று நினைப்போம். அறையை விட்டு விலகினால் குறையும், மறுபடி போனால் திரும்பும். வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பேறிப் போகும். கஷாயம் இதற்கு மருந்தல்ல. டாக்டரிடம் போகும்போது "வீட்டில் காளான் வளர்க்கிறோம்" என்ற வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த அடையாளங்கள் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்

பிளக், வயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாக இருக்கிறது. பழுப்பு நிறம் ஏறியிருக்கிறது.

கருகிய மீன் மாதிரி ஒரு வாடை விட்டு விட்டு வருகிறது. மீன் வாங்காத நாளில் மீன் வாடையா? பிளாஸ்டிக் வேகிறது. இந்த ஊரில் இதை ரொம்பச் சுலபமாக அலட்சியம் செய்துவிடுவோம்!

ஏசி கிளம்பும்போது லைட் மங்குகிறது.

அலமாரியையோ மெஷினையோ தொட்டால் விறுவிறுவென்று இருக்கிறது.

கதவைத் திறந்தால் வெளியிலிருந்து காற்று ஜிவ்வென்று உள்ளே இழுக்கிறது. உள்ளே சாக்கடை நாற்றமோ அடுப்பு வாடையோ வருகிறது.

காளானின் காம்பு நீண்டு, குடை சிறுத்துப் போகிறது. அறையில் கரியமில வாயு கூடிவிட்டது என்று காளான் சொல்கிறது. கேளுங்கள்.

மெஷின் ஓடுகிறது, குளிர் இல்லை. காயிலில் எண்ணெய்ப் பிசுக்கு. கேஸ் கசிகிறது.

அறைக்குள் போய் வந்தவருக்குத் தலைவலி, இருமல், சாயங்காலக் காய்ச்சல்.

ஒன்று இருந்தாலும் போதும். "இந்தப் படுக்கை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள்.

இப்போதே செய்ய வேண்டியது

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றுங்கள். ஏசி என்றால் தனி லைன், 16 ஆம்பியர் பவர் பிளக், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், நல்ல எர்த், ஆர்சிசிபி. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். பிளக் பாயின்ட் இடுப்பு உயரத்துக்கு மேலே, தண்ணீர் தெறிக்காத சுவரில் இருக்கட்டும்.

குழாயை நீட்டாதீர்கள், மடக்காதீர்கள். சூட்டை அடுத்த அறைக்குள்ளோ பரண் மேலோ விடாதீர்கள். வைக்கோல், சாக்கு, தெர்மாகோல் எதுவும் குழாயைத் தொடக் கூடாது.

ஏசி ஓடும் நேரத்தில் பக்கத்தில் விறகு அடுப்பு, கரியடுப்பு, ஜெனரேட்டர் எதுவும் ஓடக் கூடாது.

உள்ளே போகும்போது என்-95 மாஸ்க், ரப்பர் செருப்பு. குடை ஓரம் முற்றி விரியும் முன்பே பறித்துவிடுங்கள், தூள் குறையும்.

வீட்டு மின் இணைப்பில் இந்தத் தொழில் செய்யலாமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லவா?

இந்த ஏசியே உங்களுக்கு வேண்டாம்!

சூட்டில் வளரும் காளான் நம்மிடமே இருக்கிறது. பால் காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்டது. அருப்புக்கோட்டை வெயிலில் உருவான ரகம். 30 முதல் 35 டிகிரி வரை அதற்குச் சுகம். சிப்பிக்காளான் சோர்ந்துபோகும் கோடையில்தான் இது நிமிர்ந்து நிற்கும். பாதி தரைக்குள் இறக்கிய குடில், மேலே நீல நிறப் பாலித்தீன் விரிப்பு, படுக்கைக்கு மேல் மண் பூச்சு, காலை மாலை தண்ணீர் தெளிப்பு. கம்ப்ரஸர் இல்லை, கேஸ் இல்லை. விளைச்சல் பறித்த பிறகும் சிப்பியைவிட நாள் தாங்கும். குடிலை மேட்டு நிலத்தில் போடுங்கள். தாழ்வான இடமென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி நிறைந்துவிடும்.

சிப்பிக்காளான்தான் வேண்டும் என்றால் கார்த்திகையிலிருந்து தை வரை போடுங்கள். மற்ற மாதங்களில் பால் காளானுக்கு மாறுங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று வறண்டு வீசும்போது சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிட்டாலே குடிலின் சூடு இறங்கும்.

கேட்டுத் தெரிந்துகொள்ள இடமா இல்லை? வல்லநாட்டை ஒட்டிக் கிள்ளிகுளத்தில் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. வாகைக்குளத்தில் ஸ்காட் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மெஷின் விற்கிறவரிடம் யோசனை கேட்பதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

கடைசியாக, வீட்டில் எல்லாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கருகும் வாடை வந்தால் முதலில் ஆட்கள் வெளியே. அடுத்து மெயின் ஆஃப். தண்ணீர் ஊற்றக் கூடாது. மணல் ஒரு வாளி எப்போதும் வாசல் பக்கம் இருக்கட்டும். தீ பெரிசானால் உள்ளே போகாதீர்கள், 101-க்கு அழையுங்கள். மூச்சுத் திணறினால் 108.

படுக்கை கருகினால் அடுத்த மாதம் வேறு போட்டுக்கொள்ளலாம். கடனை மெதுவாக அடைக்கலாம். மற்றது போனால் எந்தக் குழுவிலும் கடன் கிடைக்காது. இன்று ராத்திரி அந்த மெஷினை ஓட்டாதீர்கள்.